தோற்றுப்போகும் குடற்புழு மருந்து: ஆடு வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

செம்மறியாடுகளின் குடற்புழுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைத் தாங்கி உயிரோடு இருப்பதை பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டிலேயே ஆய்விதழில் பதிவு செய்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பட்டிகளில் நடப்பது மட்டும் பெரிதாக மாறவில்லை. ஆடு இளைத்தால் மருந்துக்கடையில் ஒரு புட்டி வாங்குகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெரியது சிறியது பார்க்காமல், எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு ஊற்றுகிறோம். பக்ரீத் நெருங்கினால் மக்காச்சோளத்தையும் தவிட்டையும் அள்ளி வைக்கிறோம். ஆட்டின் எடையைக் கூட்ட வேண்டும் என்றுதான் இந்த மூன்றையும் செய்கிறோம். முறை தவறினால் மூன்றுமே எடையைக் குறைக்கும். சில நேரம் ஆட்டையே கொல்லும்.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்புப்படி கர்நாடகத்தில் சுமார் 62 லட்சம் வெள்ளாடுகளும் 1 கோடியே 10 லட்சம் செம்மறிகளும் உள்ளன. தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம். இவற்றில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் கையிலும் நிலமில்லாத குடும்பங்களின் கையிலும் இருக்கிறது. அவசரத்துக்கு விற்றுக் காசாக்க அந்தக் குடும்பங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஆடு ஒன்றுதான். அது 5 கிலோ இளைத்துச் சந்தைக்குப் போனால் பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ குறைபட்டு நிற்கும். அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடை எங்கே போகிறது?

நம் பகுதி ஆடுகளை அதிகம் வாட்டுவது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற உருளைப்புழு. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இறந்த ஆட்டின் நான்காம் வயிற்றைக் கீறிப் பார்த்தால், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் துண்டுகளாக நெளிவது கண்ணுக்கே தெரியும்.

கணக்கு எளிமையானது. ஒரு வளர்ந்த புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி லிட்டர். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 1.4 லிட்டர்தான். பத்து நாளில் அரை லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், புழுவுக்குப் போய்விடும். உடம்பு புது இரத்தத்தை ஊற வைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதற்கான புரதமும் இரும்புச்சத்தும் தீவனத்திலிருந்தும் சதையிலிருந்தும்தான் வர வேண்டும். தின்றது சதையாகாமல் இரத்தத்தை ஈடுகட்டவே செலவாகிறது. நன்றாகத் தின்கிற ஆடு இளைத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. குடற்புழு என்றால் கழிச்சல் இருக்கும் என்று காத்திருக்கிறோம். இந்தப் புழு தனியாகத் தாக்கும்போது பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை உருண்டையாகவே விழும். கண்ணின் கீழ் இமை உட்புறம் வெளுக்கும். மேய்ச்சலில் பின்தங்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை தொங்கும். அந்த வீக்கம் மேய்ந்து திரும்பும் மாலையில் பெரிதாகவும், இரவெல்லாம் தலை நிமிர்ந்து கிடந்தபின் காலையில் சிறிதாகவும் தெரிவதால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். சில குட்டிகள் இந்த அடையாளம் ஒன்றும் காட்டாமலே திடீரென்று விழுந்து இறக்கும்.

ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். 500 பெண் புழு உள்ள ஓர் ஆடு நாள்தோறும் 25 லட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு மேய்ச்சல் தரையில் விதைக்கிறது. ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அவை தொற்றும் இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறிவிடும். ஆடு அதைத் தின்ற மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கும்.

பெங்களூருவின் இதமான காலநிலை, புழுவுக்கும் இதம்தான்

ஆஸ்திரேலியாவில் கார்டன் என்ற ஆய்வாளர் 1948-இல் ஒரு வரையறை சொன்னார். மாதச் சராசரி உச்ச வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்கு மேலும், மாத மழை 50 மில்லி மீட்டருக்கு மேலும் இருந்தால் ஹீமாங்கஸ் பெருகும். பெங்களூருவில் உச்ச வெப்பம் எந்த மாதத்திலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதமும் சராசரி மழை 50 மில்லி மீட்டரைத் தாண்டுகிறது; செப்டம்பரில் 200 மில்லி மீட்டரை ஒட்டி வருகிறது. மனிதர்கள் கொண்டாடும் அதே காலநிலையில் ஆண்டில் பாதி நாள் இந்தப் புழு தடையில்லாமல் பெருகுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த ஆபத்துக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி வரை நகர்ந்துவிடும்.

இதோடு நிலமும் சுருங்கிவிட்டது. கர்நாடக நில வருவாய் விதிகள், நூறு மாட்டுக்கு 12 ஹெக்டேர் என்ற கணக்கில் ஊருக்குக் கோமாளம், அதாவது பொது மேய்ச்சல் நிலம், ஒதுக்கச் சொல்கின்றன. நான்கு ஆடு ஒரு மாட்டுக்குச் சமம். பெங்களூருவைச் சுற்றி அந்த நிலங்களில் எவ்வளவு லேஅவுட்டுகளாகவும் கட்டடங்களாகவும் மாறியிருக்கின்றன என்பதை அங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாடு இயல்பில் செடியையும் மரத்தழையையும் தலை தூக்கிக் கடிக்கும் பிராணி. இளம்புழுக்கள் புல்லின் அடியில் சில அங்குல உயரத்திலேயே இருப்பதால், புதர்க்காட்டில் மேயும் வெள்ளாட்டுக்கு அவை அதிகம் போய்ச் சேர்வதில்லை. அதே ஆட்டைக் காலி மனையிலும் ஏரிக்கரையிலும் ஒட்ட மேய்ந்த குட்டைப் புல்லில் நாள்தோறும் விட்டால், வாய்க்கு வாய் புழுவைத் தின்கிறது. செம்மறியைவிட வெள்ளாட்டுக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் வலுவும் பொதுவாகக் குறைவு.

ஏரிக்கரை இன்னொரு ஆபத்தையும் தருகிறது. கல்லீரல் தட்டைப்புழுவும் வயிற்றுத் தட்டைப்புழுவும் நத்தை வழியாகப் பரவுபவை. ஆண்டு முழுக்க நீர் நிற்கும் கரைகளில் நத்தை அற்றுப்போவதில்லை. பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. முன்பு கோடையில் வறண்டு கிடந்த ஏரிகளில் இப்போது நீர் நிற்கிறது. நிலத்தடி நீருக்கு நல்லதுதான். ஆனால் அந்த நீர்க்கோட்டு ஈரப்புல்லில் ஆடு மேய்ப்பவர்கள் முன்பைவிடக் கவனமாக இருந்தாக வேண்டும். தட்டைப்புழுவுக்கு வேறு மருந்து வேண்டும். உருளைப்புழுவுக்கு வழக்கமாக ஊற்றும் மருந்துகளில் பல அதைத் தொடுவதில்லை.

மருந்து ஏன் தோற்கிறது?

தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அசையாத ஹீமாங்கஸ் புழு 1964-இலேயே அமெரிக்காவில் பதிவானது. இந்தியாவில் 1976-இல் இத்தகைய எதிர்ப்புத்திறன் பதிவானது. 1981-இல் வந்த ஐவர்மெக்டின் உலகத்தையே மாற்றிய மருந்து. அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பெல்லுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தையும் எதிர்க்கும் புழுக்கள் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்க ஆடுகளில் தலைகாட்டிவிட்டன. ஸ்காட்லாந்தில் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத புழுவால் ஒரு பண்ணை ஆடு வளர்ப்பையே கைவிட்டது 2005-இல் பதிவானது.

இதன் இயக்கம் புரிந்தால் நம் தவறுகளும் புரிந்துவிடும். ஒரு மந்தையின் கோடிக்கணக்கான புழுக்களில் மருந்தைத் தாங்கும் மரபுள்ளவை மிகச் சில இருக்கும். மருந்து ஊற்றியதும் மற்றவை சாகும். அவை மட்டும் பிழைத்து முட்டையிடும். ஊற்ற ஊற்ற அந்த வம்சமே பெருகும். அந்தப் பெருக்கத்தை ஐந்து பழக்கங்கள் விரைவுபடுத்துகின்றன.

முதலாவது, குறைவான அளவு. எடையைக் கண்ணால் மதிப்பிடுகிறோம். 30 கிலோ கிடாவை 22 கிலோ என்று நினைத்து ஊற்றுகிறோம். அரைகுறை அளவு, பாதித் தாங்குதிறன் உள்ள புழுவையும் காப்பாற்றி விடுகிறது.

இரண்டாவது, செம்மறிக்குரிய அளவை வெள்ளாட்டுக்குக் கொடுப்பது. வெள்ளாட்டின் உடம்பு இம்மருந்துகளை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். அதனால் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகைகளில் செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாது என்பது உலகெங்கும் ஒட்டுண்ணியியலாளர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் லெவாமிசோலில் அளவு சற்றுக் கூடினாலே நஞ்சாகும். சினையின் தொடக்க வாரங்களில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவில் ஊனம் வரலாம். எனவே அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, வணிகப் பெயரை மாற்றிவிட்டு மருந்தை மாற்றியதாக நினைப்பது. அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்கும் புழு பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். புட்டியின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படிக்காமல் வாங்குவது காசை மண்ணில் போடுவது.

நான்காவது, எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றிவிட்டு, மறுநாளே புதிய மேய்ச்சல் தரைக்கு ஓட்டுவது. கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் புதுத் தரையில் விழும் முட்டைகள் அத்தனையும் மருந்தில் பிழைத்த புழுவின் முட்டைகள். அவற்றோடு கலந்து வலுவைக் குறைக்கச் சாதாரணப் புழு அங்கே ஒன்றுகூட இருக்காது.

ஐந்தாவது, சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்ப்பது. பக்ரீத்துக்கு முன்பு பெங்களூரு சாமராஜப்பேட்டை ஈத்கா மைதானத்திலும் நகரின் பிற இடங்களிலும் பல மாவட்டத்து ஆடுகள் ஒன்றாக நிற்கின்றன. ஓர் ஊரின் மருந்தெதிர்ப்புப் புழு இன்னோர் ஊருக்குப் போக ஒரு லாரிப் பயணம் போதும். புது ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டி, புழுக்கையைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்து கொடுத்து, முட்டை நின்றதை உறுதி செய்த பிறகே மந்தையில் விட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோயிலிருந்தும் அம்மையிலிருந்தும் மந்தையைக் காக்க இந்த ஒதுக்கிவைப்பு உதவும்.

கண்ணைப் பாருங்கள், பிறகு புட்டியைத் திறங்கள்

ஒரு மந்தையின் புழுக்களில் 70 முதல் 80 சதவீதம் வரை, 20 முதல் 30 சதவீத ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். மற்றவை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. அப்படியென்றால் பத்து ஆட்டில் மூன்றுக்குத்தான் மருந்து தேவை. அந்த மூன்று எவை?

தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலானும் அவரோடு பணியாற்றியவர்களும் 1990-களில் இதற்கு ஒரு விடை தந்தார்கள். ஃபமாச்சா என்ற அந்த அட்டையில் ஆட்டின் கீழ் இமை உட்புறத்தின் நிறம் ஐந்து படியாக அச்சிடப்பட்டிருக்கும். நல்ல சிவப்பு 1, வெளிர் சிவப்பு 2, இளஞ்சிவப்பு 3, வெளிறிய இளஞ்சிவப்பு 4, வெள்ளை 5. நல்ல பகல் வெளிச்சத்தில் மேல் இமையை மெல்ல அழுத்திக் கீழ் இமையை இறக்கிப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் உடனே மருந்து. 3 என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் இளைத்த ஆட்டுக்கும் மருந்து. 1, 2-க்கு வேண்டாம். மருந்து படாத அந்த ஆடுகளின் புழுக்கள், மருந்துக்குச் சாகும் சாதாரணப் புழுக்களாகத் தரையில் தொடர்ந்து இருப்பதுதான் மருந்தின் ஆயுளைக் காக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை தேவை. மூன்று மாதம் காத்திருந்தால் அதற்குள் புழு மூன்று தலைமுறை ஓடிவிடும்.

ஆனால் வெளுத்த கண் எல்லாம் ஹீமாங்கஸ் அல்ல. உண்ணி மொய்த்தாலும், உண்ணி பரப்பும் இரத்த நோய் வந்தாலும், தட்டைப்புழு இருந்தாலும், தாது உப்புக் குறைந்தாலும் கண் வெளுக்கும். அதனால் அட்டையோடு புழுக்கைப் பரிசோதனையும் சேர வேண்டும். ஆசனவாயிலிருந்து எடுத்த சூடான புழுக்கை ஒரு கைப்பிடி, சுத்தமான பாலித்தீன் பையில் கட்டி, ஆட்டின் அடையாளம் எழுதி, அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்வார்கள்.

உங்கள் பட்டியில் மருந்து வேலை செய்கிறதா என்று அறிவதற்கும் இதுவே வழி. மருந்து கொடுக்கும் நாளில் ஒரு முறையும், 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு முறையும் அதே ஆடுகளின் புழுக்கையில் முட்டைகளை எண்ண வேண்டும். 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அந்த மருந்து உங்கள் மந்தையில் தோற்கத் தொடங்கிவிட்டது. நூறு ஆடு வைத்திருக்கும் பண்ணைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி என்று கைமருந்து கொடுப்பவர்கள் ஏராளம். டானின் மிகுந்த மரத்தழைகள் அளவோடு தின்னும்போது புழுச்சுமையை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் கண் வெளுத்துத் தாடை வீங்கிய ஆட்டைத் தழையால் காப்பாற்ற முடியாது. அந்த நிலையில் ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.

குட்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஈரமான கொட்டிலில் நெருக்கிக் கட்டிய குட்டிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல் பெரும்பாலும் காக்சிடியா என்ற ஓரணு உயிரியால் வருவது. குடற்புழு மருந்து அதற்குச் சிறிதும் பயன்படாது. தரை உலர்வாக இருப்பதும், தீவனத்தொட்டியில் புழுக்கை விழாமல் காப்பதும்தான் முதல் தடுப்பு.

தீவனத்தால் வரும் சாவு

புழுவுக்கு அடுத்தபடியாக ஆட்டின் எடையைக் கெடுப்பது தீவனம். குறைந்தாலும் கெடுக்கும், திடீரென்று கூடினாலும் கெடுக்கும்.

ஒரு வெள்ளாடு தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர்பொருள் தின்ன வேண்டும். 25 கிலோ ஆட்டுக்கு அது ஏறத்தாழ 1 கிலோ. பசுந்தழையில் பெரும்பகுதி நீர் என்பதால் அந்த ஒரு கிலோவுக்கு நாலைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டியிருக்கும். கேழ்வரகுத் தாளும் காய்ந்த புல்லும் வயிற்றை நிரப்பும், புரதம் தராது. அகத்தி, சூபாபுல், கல்யாண முருங்கை, வேலிமசால், அவரைக்கொடி, துவரைப்பொட்டு, கடலைக்கொடி ஆகியவைதான் புரதத்தைத் தருபவை. புரதம் நன்றாகக் கிடைக்கும் ஆடு அதே அளவு புழுவை இன்னும் நன்றாகத் தாங்குகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான உண்மை. மருந்துப் புட்டிக்கு வைத்திருக்கும் காசில் ஒரு பகுதியை அகத்தி விதைக்கும் கடலைப் பிண்ணாக்குக்கும் திருப்பினால் பலன் நீடிக்கும்.

மண்ணுக்கு மண் தாதுச்சத்து மாறும். பெங்களூரு ஆடுகோடியில் 1995 முதல் இயங்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், அந்தந்தப் பகுதிக்கேற்ற தாது உப்புக் கலவையை வலியுறுத்தி வருகிறது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு உங்கள் பகுதிக்குரியதை வாங்குங்கள். மாட்டுக்கென்று விற்கும் எல்லாக் கலவையும் செம்மறிக்கு ஆகாது. செம்பு மிகுந்தால் செம்மறி சாகும்.

இனி திடீர்த் தீவனம். பெங்களூரு போன்ற நகரத்தில் கல்யாண மண்டபத்துச் சோறும், ஹோட்டலில் மீந்த இட்லியும், சந்தையில் கழித்த முட்டைக்கோசும் ஆட்டுக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. பழக்கமில்லாத ஆடு சோற்றையோ அரிசியையோ மக்காச்சோள மாவையோ வயிறு முட்டத் தின்றால், முதல் வயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. வழக்கமாக 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும் அமில கார அளவு 5.5-க்குக் கீழே இறங்குகிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஆடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், வயிறு தளும்பும், படுத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் சாவு. இது பசியில்லாமை அல்ல, அவசரநிலை. ஆடு சோறு தின்றது தெரிந்தவுடன், அறிகுறிக்குக் காத்திருக்காமல், மருத்துவரை அழைக்க வேண்டும். குப்பையோடு சேர்ந்து போகும் பாலித்தீன் பை செரிப்பதே இல்லை. வயிற்றில் சேர்ந்து சேர்ந்து, தின்ன இடமில்லாமல் ஆட்டை இளைக்க வைக்கும். அந்த ஆட்டுக்கு எத்தனை முறை புழு மருந்து ஊற்றினாலும் எடை கூடாது.

அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் துள்ளுமாரி நோயும் வரும். குடலில் ஏற்கெனவே இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமி மாவுச்சத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மந்தையில் மிகக் கொழுத்த குட்டிதான் முதலில் விழும். மழைக்கு முன் தடுப்பூசி போடுவது ஒரு காப்பு. தீவனத்தை இரண்டு, மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், ஒரே வேளையாகப் போடாமல் பிரித்துப் போடுவதும் மற்றொரு காப்பு.

கிடாக்களுக்கு மூன்றாவது ஆபத்து உண்டு. பக்ரீத்துக்காகக் கொழுக்க வைக்கும் கிடாவுக்கு, குறிப்பாகச் சிறுவயதில் விதையடித்ததற்கு, சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலாக இருக்கும். கோதுமைத் தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருக்க வேண்டும். அது கவிழ்ந்தால் கல் உருவாகி அடைத்துக்கொள்ளும். கிடா முக்கும், வாலை ஆட்டும், சொட்டுச் சொட்டாக விடும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக் காலம் கடத்தினால் சிறுநீர்ப்பை வெடித்துவிடும். தவிட்டோடு பயறுவகைத் தழை, எப்போதும் சுத்தமான தண்ணீர், கொஞ்சம் உப்பு ஆகிய மூன்றும் இதைப் பெரும்பாலும் தடுக்கும்.

சினை ஆட்டுக்கு வேறு கணக்கு. 150 நாள் சினையில் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. அப்போது இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு அளவுக்கு மீறிக் கொழுத்திருந்தாலும் ஆபத்து, எலும்பும் தோலுமாக இருந்தாலும் ஆபத்து. உடம்புக் கொழுப்பு அளவுக்கு மேல் கரைந்து இரத்தத்தில் நச்சுச் சேர்ந்து தாயும் குட்டியும் போகும். ஈனும் காலத்தை ஒட்டித் தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்வதால் புழு முட்டையும் பெருகி விழும். பிறந்த குட்டி மேயத் தொடங்கும்போது தரையில் அதுதான் காத்திருக்கும். ஆகவே கடைசி ஆறு வாரம் தாய்க்குக் கூடுதல் புரதமும், புழுக்கைப் பரிசோதனையும் தவறக் கூடாது.

வெள்ளாடு கொழுப்பைத் தோலுக்கடியில் காட்டுவதற்கு முன்பே குடலைச் சுற்றியும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்த்துக்கொள்கிறது. வயிறு பெருத்திருப்பதை நம்பவே கூடாது. புழுவாலும் அது பெருக்கும். இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பிலும் மார்பெலும்பின் மேலும் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு கூர்மையாகக் குத்தினால் இளைப்பு. அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்பட்டால் நல்ல நிலை. தேடினாலும் கிடைக்காவிட்டால் மிகைக்கொழுப்பு. குட்டிகளைத் தொங்கு தராசில் மாதம் இருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை கூடாமல் நின்ற குட்டியை அந்தக் குறிப்பேடு, கண் கவனிப்பதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை

மேய்ச்சலைச் சுழற்றுவதற்குச் சிறந்த சான்று பசிபிக் தீவு நாடான தோங்காவிலிருந்து 1994-இல் வந்தது. அங்கே நிலத்தைப் பத்துப் பட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் வெள்ளாடுகளை மேயவிட்டு, ஒரு மாதம் ஆறப்போட்டார்கள். ஈரமான வெப்பநாட்டில் இளம்புழு வேகமாகப் பிறந்தாலும், சேமித்த சக்தி தீர்ந்து சில வாரத்தில் சாகிறது. அந்த மந்தையில் முட்டை எண்ணிக்கை, ஒரே இடத்தில் மேய்ந்த மந்தையில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. பத்துப் பட்டி நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். ஒரே காலிமனையில் நாள்தோறும் விடாமல் நான்கைந்து இடத்துக்கு மாற்றுவதும், பனி உலர்ந்தபின் ஓட்டுவதும், நீர்க்கோட்டை விட்டு விலகி மேய்ப்பதும், புல் குட்டையான இடத்தில் தழையை வெட்டிக் கட்டித் தொங்கவிடுவதும் நம்மால் முடிந்தவை. இடமே இல்லாதவர்களுக்குப் பரண்மேல் வளர்ப்பு ஏற்றது. புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் தொற்று பெருமளவு அறுந்துபோகும்.

ஆஸ்திரேலியாவில் 2014 முதல் இந்தப் புழுவுக்கு எதிராக ஒரு தடுப்பூசி புழக்கத்தில் உள்ளது. அதையும் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. புது மருந்து வரும் என்று காத்திருப்பது இன்றைய பட்டிக்கு உதவாது. இருக்கும் சில மருந்துக் குடும்பங்களைக் கெடாமல் காப்பதுதான் வழி. கண் சோதித்து, எடை பார்த்து, முட்டை எண்ணி, தேவைப்பட்ட ஆட்டுக்கு மட்டும் சரியான அளவில் கொடுப்பதன் பொருள் அதுதான். மருந்து கொடுத்த ஆட்டை, புட்டியில் எழுதியிருக்கும் விலக்குக்காலம் முடியும்வரை இறைச்சிக்கு விற்காமலும் பாலைப் பயன்படுத்தாமலும் இருப்பது வாங்குபவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

அரசுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். எலகங்காவில் இருக்கும் தேசிய கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம், எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்கூட்டியே மாதந்தோறும் எச்சரிக்கிறது. தட்டைப்புழு நோயும் துள்ளுமாரியும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த எச்சரிக்கை ஆடு மேய்க்கும் பெண்ணின் கைப்பேசிக்கு, அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒரு நுண்ணோக்கியும் முட்டை எண்ணும் கண்ணாடித் தகடும் கையில் ஃபமாச்சா அட்டையும் இருக்க வேண்டும். மருந்து முகாம் நடத்தி எத்தனை ஆட்டுக்கு ஊற்றினோம் என்று கணக்குக் காட்டுவதைவிட, எத்தனை மந்தையில் மருந்து வேலை செய்கிறது என்ற கணக்கே இன்று நமக்குத் தேவை.

ஆடு வளர்ப்பவர்களிடம் கேட்பது இதுதான்: மே மாத மழை தொடங்குமுன் உங்கள் ஆடுகளில் பத்தின் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆடு படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அந்த எண்ணில் கிடைக்கிறது. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, கண் சிவந்து நன்றாக இருக்கும் ஆட்டுக்குப் புழு மருந்து ஊற்றாதீர்கள்.